ஒரு மில்லி செகண்ட் தாமதம்

அண்ணன் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டு சிடி, ஓரம் மடங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டு.

"இதுலதான் தம்பி, தமிழய்யா கொடுத்த கூத்து எல்லாம் கெடக்குது. வருதான்னு பாரு."

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் அவர் ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், டுடோரியல்காரர்களின் கொஸ்டின் பேப்பர். ஐந்து கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்று செர்வர். யார் எந்த மெஷினில் டைப் அடித்தாலும் கோப்பு அதில்தான் போய்ச் சேரும். 2002, 2003 வாக்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிறு தவறாமல் அந்தக் கடைக்கு வருவாராம். சுற்றுவட்டாரக் கூத்து வாத்தியார்களிடமிருந்த பழைய ஏடுகளையும் நோட்டுகளையும் பார்த்து அவர் தன் கையால் படியெடுத்த தெருக்கூத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். அண்ணனே உட்கார்ந்து அடித்துத் தருவார். புத்தகமாகப் போடுவதாகத்தான் திட்டம். காசு சேரவில்லை. அய்யா தவறிப்போனார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது அவர் வீட்டுக் கூரை போய், பரண் மேல் இருந்த நோட்டுகள் நனைந்து கூழாயின. மிச்சம் இந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். பழைய மெஷின்களைக் கிளறுவது எனக்கு ஒரு பைத்தியம், அது அண்ணனுக்குத் தெரியும். பையை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் திரும்பினேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். ஒரு சாயங்கால வேலை என்றுதான் அப்போது நினைத்தேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது கணினியைப் பற்றி மட்டும் இல்லை. தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைந்த கதையில் பாதியை அந்த ஒரு டிஸ்க் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

1

கோப்புகளை எடுப்பது கஷ்டமே இல்லை. யூஎஸ்பி அடாப்டரில் டிஸ்கை மாட்டி, லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியை வைத்து, 20 ஜிபியையும் செக்டார் செக்டாராகப் படித்து ஒரே கோப்பாக்கினேன். இதற்குப் பெயர் டிஸ்க் இமேஜ். ஒரு முழு வட்டும் ஒரு கோப்பாக நடிக்கும் ஏற்பாடு. இனி அசலைத் தொட வேண்டியதில்லை, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். சில செக்டார்கள் மட்டும் எத்தனை தடவை கேட்டும் பதில் தரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நகலுக்குள் 'கூத்து' என்று ஒரு போல்டர் இருந்தது. உள்ளே பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள். அவற்றிலிருந்து வெறும் எழுத்தை மட்டும் உருவிப் பார்த்தேன். ஆங்கில எழுத்து, சதவீதக் குறி, பிரெஞ்சு மொழிக்காரர்கள் தலையில் கூரை போட்டு எழுதும் உயிரெழுத்துகள் எல்லாம் கலந்த குப்பை. ஒரு வரிகூடத் தமிழாகத் தெரியவில்லை.

இன்று தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இது வினோதமாக இருக்கலாம். அன்றைக்கு இதுதான் வழக்கம். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஒரு பைட்டில் 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விடும். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்து. எங்கே அடைப்பது? எழுத்தைத் துண்டு போட்டார்கள். கால் ஒரு துண்டு, கொம்பு ஒரு துண்டு, இரட்டைக் கொம்பு ஒரு துண்டு. கு, கூ மாதிரி ஒட்டிப்போனதெல்லாம் தனித்தனித் துண்டு. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்த இடங்களில் இந்தத் துண்டுகளை உட்கார வைத்தார்கள். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கிலத்தைத்தான் காட்டுகிறோம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். ஃபான்ட் மட்டும்தான் அதைத் தமிழாக வேஷம் கட்டிக் காட்டும்.

யார் எந்தத் துண்டை எங்கே வைத்தார்கள் என்பதில் ஒற்றுமை கிடையாது. ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனிக்கும் ஒரு வரிசை. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் குப்பை. இதைச் சரிசெய்யத்தான் 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும். சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு 8 பிட் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. இன்னொரு பக்கம் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து டிஸ்கி என்ற ஒன்றை உருவாக்கினார்கள். இதெல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனால் திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை, முன்பு வாங்கிய ஃபான்டை விட்டுவிட்டு அரசாணைக்காக மாறவில்லை. மாறவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. பத்திரிகை காகிதத்தில் அச்சாகிப் போய்விடும். கோப்பை இருபது வருஷம் கழித்து எவன் திறக்கப்போகிறான்?

2

தமிழய்யாவின் கூத்தில் ஒரு வரி படிக்கணும்னா எனக்கு மூன்று வேண்டும். கோப்பு, அந்த ஃபான்ட், இரண்டையும் அன்று சேர்த்துக் காட்டிய பேஜ்மேக்கர். ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985இல் கொண்டுவந்தது பேஜ்மேக்கர். 1994இல் அடோபியின் கைக்குப் போனது, 2001இல் வந்த 7.0 தான் கடைசி. இன்றைய 64 பிட் விண்டோஸில் 6.5ஐ ஏற்றிப் பார்த்தேன். எனக்கு ஏறவில்லை.

சரி, அந்தச் செர்வரையே உயிர்ப்பிப்போம் என்று கியூஎமுவில் டிஸ்க் இமேஜைக் கொடுத்து ஓடவிட்டேன். கியூஎமு என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாக நடித்துக் காட்டும் மென்பொருள். கறுப்புத் திரையில் 'விண்டோஸ் 2000' என்று எழுத்து வந்தது. மனசு குதித்தது. அடுத்த நொடி நீலத் திரை, 7பி என்று முடியும் ஒரு பிழை எண். துவக்க வட்டை எட்ட முடியவில்லை என்று பொருள்.

இந்தப் பிழை பழைய விண்டோஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. விண்டோஸ் 2000 தன்னை நிறுவும்போதே, வட்டைக் கட்டுப்படுத்தும் சிப் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தச் சிப்பைத்தான் தேடும். அண்ணன் கடை மெஷினில் இருந்த மதர்போர்டு வேறு. கியூஎமு போடும் வேஷமோ இன்டெல் 440எஃப்எக்ஸ், 1996இல் வந்த சிப்செட். குடிவந்த வீட்டைத் தவிர வேறு வாசலே தெரியாத ஆள் மாதிரி அந்த விண்டோஸ் திகைத்து நின்றுவிட்டது.

ரிஜிஸ்ட்ரியைத் தோண்டி அதற்குப் புது வாசலைச் சொல்லிக் கொடுக்கலாம். அதை விடச் சுத்தமான வழி ஒன்று இருந்தது. வெற்று இமேஜ் ஒன்றில் விண்டோஸ் 2000 செர்வரைப் புதிதாக நிறுவி, பழைய இமேஜை இரண்டாவது வட்டாக மாட்டிக்கொள்வது. மஞ்சப்பையில் இருந்த இரண்டு சிடியில் ஒன்று விண்டோஸ் 2000 செர்வர், இன்னொன்று பேஜ்மேக்கர். நோட்டின் முதல் பக்கத்தில், பால்காரர் கணக்குக்கு மேலே, அண்ணன் கையெழுத்தில் 25 எழுத்துச் சாவி.

3

மைக்ரோசாஃப்ட் அன்று கேட்டது அதிகமில்லை. 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 256 எம்பி நினைவகம், 2 ஜிபி வட்டு, அதில் 1 ஜிபி காலி. நான் தாராளமாக 4 ஜிபி இமேஜ் உருவாக்கினேன். கியூகவ்2 என்ற வகை. 4 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் எழுத எழுதத்தான் வளரும். பிறந்தபோது சில நூறு கேபிதான் இருந்தது.

நீலத் திரை நிறுவல் ஒழுங்காகப் போனது. எஃப்8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்றேன். பார்டிஷன் போட்டு என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்தேன். கோப்புகள் நகர்ந்தன. மறுதுவக்கத்துக்குப் பின் வண்ணத் திரை வந்தது. லைசென்ஸ் 'பெர் செர்வர்' வகையா 'பெர் சீட்' வகையா, எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணைவார்கள் என்று கேட்டது. அங்கே தானாகவே 5 என்று இருந்தது. அண்ணன் கடையிலும் ஐந்து மெஷின்தான். கடிகாரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நின்றது. லினக்ஸ் உலகம் வன்பொருள் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பும். கியூஎமுவிடம் உள்ளூர் நேரத்தைக் கொடு என்று சொன்னதும் அது சரியானது.

பாதியில் நிறுவல் நின்றது. வட்டு நிரம்பிவிட்டதாம்.

4 ஜிபியில் 1 ஜிபிகூட வேண்டாத ஒன்று எப்படி நிரப்பும்? என் தப்பு என்று நினைத்து 8 ஜிபி இமேஜில் மறுபடி ஆரம்பித்தேன். நிரம்பியது. சிடியில் கீறல் இருக்குமோ என்று வேறொரு டிரைவில் போட்டு மறுபடி நகலெடுத்தேன். நிரம்பியது. கோபத்தில் 20 ஜிபி. வெளியே என் கணினியில் அந்த இமேஜ் கோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சும்மா ஊதிக்கொண்டே போனது. உள்ளே யாரோ நிறுத்தாமல் எழுதுகிறார்கள். என்ன எழுதுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

4

கியூஎமுவை எழுத ஆரம்பித்தவர் ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர். 2003இல் முதலில் வெளிவந்தது. நாம் வீடியோ பார்க்கும்போது பின்னால் வேலை செய்யும் எஃப்எஃப்எம்பெக்கும் அவர் தொடங்கியதுதான். கியூஎமு வந்த காலத்தில் எல்லோரும் அதில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டது விண்டோஸ் 2000ஐத்தான். எல்லோருக்கும் வட்டு நிரம்பியது. அதற்காகவே கியூஎமுவில் 'வின்2கே ஹேக்' என்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள். விண்டோஸ் 2000ஐ நிறுவும்போது மட்டும் இதைப் போடு, முடிந்ததும் எடுத்துவிடு, இது இருந்தால் வட்டு மெதுவாகும் என்று கையேட்டில் சொல்லியிருந்தார்கள்.

சுவிட்ச் என்ன செய்கிறது என்று மூலநிரலுக்குள் போய்ப் பார்த்தேன். பத்து வரிகூட இல்லை. வட்டில் எழுதும் வேலை முடிந்ததும், 'எழுதியாச்சு' என்று வட்டு செயலிக்கு ஒரு சமிக்ஞை தரும். அந்தச் சமிக்ஞைகளில் பதினாறுக்கு ஒன்றை மட்டும் இந்தச் சுவிட்ச் ஒரு மில்லி செகண்ட் பிடித்து வைத்து அனுப்புகிறது. அவ்வளவுதான். ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. விண்டோஸ் 2000 நிறுவியின் வட்டு டிரைவரில் ஒரு பிழை இருப்பதுபோலத் தெரிகிறது, பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தால் அது வெற்றுப் பதிவுகளால் வட்டை நிரப்பிவிடுகிறது என்று சாரம். எழுதியவர்களே 'தெரிகிறது' என்றுதான் சொல்கிறார்கள், உறுதியாக இல்லை.

இதைப் படித்துவிட்டு ராத்திரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1999இல் அந்த டிரைவரை எழுதியவருக்கு வட்டு என்றால் சுழலும் தகடு. ஊசி நகரணும், தகடு திரும்பி வரணும். சில மில்லி செகண்டாவது ஆகும். அதை விடச் சீக்கிரம் 'முடிச்சிட்டேன்' என்று ஒரு வட்டு சொல்லும் என்று அவர் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார். கியூஎமுவின் வட்டோ வெறும் கோப்பு. என் கணினியின் நினைவகத்தில் எழுதிவிட்டு உடனே பதில் சொல்லிவிடும். அந்த வேகம் அந்தக் கால நிரலுக்குப் புரியவில்லை. பதறிப்போய் ஒன்றுமில்லாததை எழுதிக்கொண்டே போயிருக்கிறது. இடம் போதாமல் நிரம்பவில்லை. அதனால்தான் எத்தனை ஜிபி கொடுத்தும் பலனில்லாமல் போயிற்று. அதற்குத் தேவைப்பட்டது பதினாறு தடவைக்கு ஒரு தடவை கொஞ்சம் பொறுத்திருக்கும் ஒரு வட்டு.

சுவிட்சைப் போட்டு, மறுபடி 4 ஜிபி இமேஜில் ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி திரை நடுவில் காத்துக்கொண்டிருந்தது.

நெட்வொர்க் அட்டையைக் கழற்றிவிட்டேன். விண்டோஸ் 2000 செர்வரை நிறுவினால் ஐஐஎஸ் என்ற இணையச் செர்வரும் கேட்காமலே கூட வந்து உட்காரும். 2001 ஜூலையில் கோட் ரெட், செப்டம்பரில் நிம்டா என்ற புழுக்கள் உலகம் பூரா புகுந்ததில் அந்த வழிக்கும் பங்கு உண்டு. பழசை எழுப்பலாம், தெருவில் விடக்கூடாது.

5

பேஜ்மேக்கரை ஏற்றும் முன் சும்மா கன்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தேன். ரீஜனல் ஆப்ஷன்ஸில், மொழிகளின் பட்டியலில், 'இண்டிக்' என்று ஒரு கட்டம் டிக் இல்லாமல் இருந்தது. டிக் போட்டேன். சிடியைக் கேட்டது, கொடுத்தேன். நோட்பேடைத் திறந்து இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் தட்டித் தட்டி 'கொம்பு' என்று அடித்தேன். லதா எழுத்துருவில், அழகாக, தமிழில் வந்தது.

2000 பிப்ரவரி 17ஆம் தேதி வெளியான விண்டோஸ் 2000 தான் தமிழைத் தமிழாகவே அறிந்த முதல் விண்டோஸ். இதன் முன்னோடியான விண்டோஸ் என்டி 1993லிருந்தே உள்ளுக்குள் யூனிகோடில்தான் யோசித்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே, இந்திய அரசின் இஸ்கி வரிசையைப் பின்பற்றி, இடம் ஒதுக்கியாச்சு. ஆனால் இடம் இருந்தால் போதாது. 'கொ' என்பதை யூனிகோட் 'க', அதன்பின் 'ஒ' குறி என்ற முறையில் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைத்து, காலைப் பின்னால் வைக்கணும். இந்த வேலையைச் செய்யும் யூனிஸ்கிரைப் என்ற பகுதி விண்டோஸ் 2000இல் கூடவே வந்தது. ஆங்கில இடத்தைத் திருடாமல், வேஷம் கட்டாமல், தமிழ் உட்கார்ந்த முதல் நாற்காலி அது.

அந்த நாற்காலி அண்ணன் கடையிலேயே இருந்திருக்கிறது. செர்வரில், ஒரே ஒரு டிக் தூரத்தில். போனில் சொன்னேன்.

"அப்படியா? எங்களுக்கு யாரு சொன்னா? சொல்லியிருந்தாலும் பேஜ்மேக்கர்ல வந்திருக்குமா அது?"

வந்திருக்காது. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. யூனிகோட் தெரியாத பழைய நிரல்களுக்காக விண்டோஸில் சில மொழிகளுக்கு 8 பிட் கோட்பேஜ் என்று ஒரு மாற்று வழி உண்டு. தமிழுக்கு அதுவும் இல்லை, யூனிகோட் மட்டும்தான். அச்சுத் தொழில் முழுக்க பேஜ்மேக்கரில் இருந்தது, புதுத் தமிழ் நோட்பேடில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. கடைக்காரர்கள் பழைய ஃபான்டிலேயே நின்றது சோம்பேறித்தனத்தால் இல்லை. அவர்கள் தொழில் நடந்த இடத்துக்கு அந்தத் தமிழ் வந்து சேரவே இல்லை.

தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அதற்குள் பொருந்தாத இடங்களுக்கு டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000க்கு ஆதரவை நிறுத்தியது 2010 ஜூலை 13. ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. விண்டோஸில் கதவைத் திறந்த அமைப்பு மூடப்பட்ட வேளையில்தான் நாம் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

6

ஃபான்டைப் பழைய இமேஜிலிருந்து எடுத்து நிறுவினேன். பேஜ்மேக்கரில் முதல் கோப்பைத் திறந்தேன். கட்டியங்காரன் வந்து நின்றான். தலைப்பு, விருத்தம், வசனம், தாளக் குறிப்பு எல்லாம் தமிழய்யா கேட்ட அதே வரிசையில், அண்ணன் அடித்த அதே எழுத்தில்.

பிறகு நடந்தது பொறுமையான வேலை. அந்த ஃபான்டின் 256 இடங்களையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, எந்த இடத்தில் எந்தத் துண்டு என்று கையால் அட்டவணை எழுதினேன். அதை வைத்து ஒரு சின்ன நிரல். அது துண்டுகளை எழுத்தாகக் கோர்த்து, முன்னால் நின்ற கொம்பைப் பின்னால் நகர்த்தி, யூனிகோடாக்கும். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை ஏற்றுமதி செய்து, மெய்நிகர் மெஷினை அணைத்து, இமேஜை லினக்ஸில் திறந்து எடுத்துக்கொண்டேன். ஒன்பது கூத்துகள். எட்டு முழுசாக வந்தன. 'கர்ண மோட்சம்' மட்டும் நடுவில் அறுந்துவிட்டது. பதில் தராத அந்த செக்டார்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேர்க்கடலை விதை வாங்குகிறவர்கள் 'டிஎம்வி' என்று கேட்பார்களே, அது திண்டிவனத்தின் சுருக்கம். டிஎம்வி 2 என்ற ரகம் 1940இல் வெளிவந்தது. அது இன்றுவரை வந்து சேர்ந்தது யாரோ குடோனில் பூட்டி வைத்ததால் இல்லை. பூட்டி வைத்த கடலை சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் யாரோ விதைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான். முதலில் ஒரு 8 பிட் எழுத்துரு, பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோட் என்று தன் நூல்களைத் தூக்கித் தூக்கி நட்டுக்கொண்டே வந்தது. அதனால் சங்க இலக்கியத்தை இன்று நம் போனில் படிக்கிறோம். திண்டிவனத்துக் கூத்தை யாரும் தூக்கி நடவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு டிடிபி கடை இருந்திருக்கும். சிறுபத்திரிகையோ, கோயில் தல வரலாறோ, சங்கத்து மலரோ, யாரோ ஒருவரின் அச்சாகாத நாவலோ அந்த டிஸ்கில் கிடக்கலாம். கேட்டு வாங்குங்கள். கோப்பை மட்டும் எடுக்காதீர்கள். ஃபான்ட், மென்பொருள் சிடி, சாவி எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். முதலில் முழு வட்டையும் இமேஜ் எடுங்கள். நான் என்னென்ன சுவிட்ச் போட்டேன் என்று ஒரு கோப்பில் தமிழில் எழுதி, இமேஜோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். அடுத்து வருகிறவர் மூணு வாரம் இழக்க வேண்டாம்.

அச்செடுத்த எட்டு கூத்துகளையும் ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் புரட்டிக்கொண்டே வந்து ஒன்பதாவதைத் தேடினார். நடுவில் அறுந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மயிலம் பக்கத்துல ஒரு ஊர்ல அந்தக் கூத்து இன்னும் ஆடுறாங்க தம்பி. அய்யாவே அங்க இருந்துதான் நோட்டு வாங்கியாந்தாரு. திருவிழா அப்போ கூட்டிட்டுப் போறேன். ராத்திரி பூரா உக்காந்து கேட்டு எழுதணும். நடுவுல தூக்கம் வருதுன்னு எழுந்து வந்தா ஆவாது."

இந்த வருஷ ஆடிக்குப் போவதாக இருக்கிறோம்.